வில்லோவ எவ்ளோ நெருக்கி நடணும்? எல்லாரும் கேக்குற கேள்விகளும் எனக்குத் தெரிஞ்ச பதில்களும்

வட இங்கிலாந்துல பாய்லர்ல எரிக்குறதுக்காக வில்லோ மரம் நட்டு வெட்டுற வேலையில இருக்கேன். வயல் போட்டோ ஒண்ணு குடும்ப வாட்சப் குரூப்ல போட்டாப் போதும், ஊர்ல தைலமரம் வச்சிருக்குற சித்தப்பால இருந்து காலேஜ்ல படிக்குற தம்பி வரைக்கும் அதே கேள்விதான். ஏன் இவ்ளோ நெருக்கம், ஏன் ரெண்டு ரெண்டு வரிசை, நட்டத ஏன் உடனே வெட்டுற. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துப்போச்சு, அதான் இங்க மொத்தமா எழுதி வைக்குறேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

வில்லோன்னா படத்துல ஆத்தோரமா தொங்குமே, அந்த மரம்தானப்பா?

அது அழகுக்கு வைக்குறது, சித்தப்பா. நாங்க நடுறது அதே இனத்துல புதர் ஜாதி, சாலிக்ஸ் விமினாலிஸ்னு ஒண்ணு, அதையும் வேற சிலதையும் கலந்து எடுத்த ரகங்க. நம்ம பக்கம் மலையோரம் ஆத்தங்கரையில ஆத்துப்பாலைன்னு நிக்குமே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

முருங்கைக்குப் போத்து நடுற மாதிரி ஒரு சாண் நீளக் குச்சிய மண்ணுல குத்திவிடுறோம், அது வேர் புடிச்சுக்கும். இலையெல்லாம் கொட்டுன பனிக்காலத்துல தரையோட வெட்டுறோம், வசந்தத்துல அடிக்கட்டையில இருந்து சிம்பு வெடிச்சு வரும், மூணு வருஷம் கழிச்சு மறுபடி வெட்டு. கரும்புல மறுதாம்பு விடுறோம்ல, அதேதான், என்ன, கரும்பு ரெண்டு மூணு தாம்போட சரி, இது ஒருக்கா நட்டா இருபது வருஷத்துக்கு மேல வரும். வெட்டுனத சில்லு சில்லா நறுக்கி பாய்லருக்கு அனுப்பிடுவோம்.

ஏக்கருக்கு எத்தன செடி, சும்மா ரவுண்டா சொல்லு

ஆறாயிரம். இங்க கணக்கு ஹெக்டேர்ல, ஹெக்டேருக்கு 15,000. அளவு எப்படின்னா, 75 செ.மீ. இடைவெளியில ரெண்டு வரிசை, அப்புறம் ஒன்றரை மீட்டர் சும்மா விடணும், அப்புறம் மறுபடி ரெண்டு வரிசை. செடிக்குச் செடி கிட்டத்தட்ட 60 செ.மீ. ஆக ஒரு செடிக்கு ஏழு சதுர அடி இடம். தைலமரத்துக்கு நீங்க விடுற இடத்த நெனச்சுப் பாத்தா இது வயல் மாதிரியே தோணாது, நாத்தங்கால் மாதிரிதான் தோணும். எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு.

சமமா பரப்பி நட்டா எல்லாத்துக்கும் வெயில் சமமா கிடைக்குமே, இது என்ன ரெட்டை வரிசை கோமாளித்தனம்?

செடிக்காக இல்ல, மெஷினுக்காக. அறுவடை மெஷின் ஒரே ஓட்டத்துல ரெண்டு வரிசையையும் வெட்டும், அதோட சக்கரம் ரெண்டு பக்கத்து ஒன்றரை மீட்டர் சந்துல ஓடும். சக்கரம் அடிக்கட்டை மேல ஏறுனா அந்தத் தூரு போச்சு.

வெயில் விஷயத்துல நீங்க சொல்றது நியாயம்தான், சமமா பரப்புனா கொஞ்சம் நல்லது, ஆனா வெட்டுன ரெண்டாம் வருஷமே கிளைங்க சந்துக்கு மேல கூடிக்கும், அதுக்கப்புறம் கீழ நின்னு பாத்தா எது வரிசை எது சந்துன்னு வெளிச்சத்த வச்சு சொல்ல முடியாது. கனடாவுல கியூபெக் பக்கம் ஒத்த வரிசையா நடுறாங்க, வரிசைக்கு வரிசை 1.8 மீட்டர், செடிக்குச் செடி வெறும் 30 செ.மீ., கூட்டிப் பாத்தா ஹெக்டேருக்கு 18,500. மெஷின் வேற, அதனால அளவும் வேற.

நெருக்கி நட்டா விளைச்சல் கூடுமா கூடாதா? வளவளன்னு பேசாம சொல்லு

முதல்ல கூடும், அப்புறம் கூடாது.

நட்ட புதுசுல வெயில் பாதி வெறுந்தரையிலதான் விழுது, அந்த நேரத்துல ரெண்டு மடங்கு செடி இருந்தா ரெண்டு மடங்கு இலை, விளைச்சலும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆனா நிலம் முழுக்க இலை மூடிட்டா விழுற வெயில் அவ்ளோதான், அத பத்தாயிரம் செடி பங்கு போட்டுக்குதா இருபதாயிரம் பங்கு போட்டுக்குதான்றது வயலுக்குப் பெருசா கவலையில்ல. இத 1950கள்லயே ஜப்பான்ல கிரா, ஷினோசாகின்னு ஆராய்ச்சிக்காரங்க பல பயிர்ல நட்டுப் பாத்து சொல்லிட்டாங்க, ஒரு அளவுக்கு மேல எத்தன செடி வச்சாலும் ஏக்கர்ல கிடைக்குற மொத்த எடை ஒரே இடத்துல வந்து நின்னுடும். இங்கிலாந்துலயே வில்லோவ ஹெக்டேருக்கு ஒரு லட்சத்துக்கு மேல, அதாவது ஒரு அடிக்கு ஒண்ணுன்னு நட்டுப் பாத்திருக்காங்க. அப்படி நட்டா முதல்ல முந்திக்கிட்டு ஓடும், கலைச்சு நட்டது, அதாவது தள்ளித் தள்ளி நட்டது, பின்னாடியே வந்து மெதுவா எட்டிப் புடிக்கும். வெட்டுறதுக்கு முன்னாடி எட்டிப் புடிக்குமா இல்லையான்றதுதான் கேள்வியே.

அதனால யாராச்சும் எத்தன செடின்னு கேட்டா நான் திருப்பி எத்தன வருஷத்துல வெட்டப்போறன்னுதான் கேப்பேன்.

அப்ப அந்த மிச்ச செடியெல்லாம் எங்க போகுது?

சாகுது. நெரிசல்ல மாட்டி, மேல வெயில் கிடைக்காம, நின்ன இடத்துலயே காஞ்சுபோகுது. 1963ல யோடான்னு இன்னொரு ஜப்பான்காரரும் அவர் கூட்டாளிங்களும் இதுக்கு ஒரு கணக்கு சொன்னாங்க: இப்படி நெரிஞ்சு வளர்ற கூட்டத்துல செடி எண்ணிக்கை நாலுல ஒண்ணா குறையுற நேரத்துக்கு, நிக்குற செடி ஒவ்வொண்ணும் சராசரியா எட்டு மடங்கு எடை ஏறியிருக்கும். அதாவது நாலுல மூணு செத்தும் மொத்த எடை ரெண்டு மடங்காகியிருக்கும். படிச்சப்ப நம்பல. எல்லா இடத்துலயும் அச்சு மாறாம இப்படியே வராதுதான், ஆனா போக்கு இதுதான்.

வில்லோவுல சாவு முதல்ல தூருக்கு உள்ளதான் நடக்கும். ஒருக்கா சும்மா ஒரு தூர்ல சிவப்பு டேப் கட்டி வச்சு எண்ணிப் பாத்தேன். வெட்டுன வருஷம் ஜூன்ல பதினேழு சிம்பு. அடுத்த வருஷம் கடைசியில ஒம்போது. மூணாவது பனிக்காலம் மெஷின் வர்றதுக்கு முன்னாடி போய்ப் பாத்தா அஞ்சுதான் உயிரோட, ஒவ்வொண்ணும் என் கட்டைவிரல விட நல்லா தடிமன், நடுவுல பென்சில் தடிமன்ல ஏழெட்டு காஞ்ச குச்சி, தொட்டா டப்புன்னு ஒடையுது. மிச்சம் எப்பவோ விழுந்து மக்கிப்போச்சு. சிம்பு தீந்து அதுக்கப்புறமும் இடம் பத்தலன்னாதான் தூரே சாகும், அதுல முதல்ல போறது ரெண்டு பலசாலிக்கு நடுவுல மாட்டுன சின்னத் தூரு.

தைலமரத்துல நாங்க கட்டைக்கு ஒண்ணு ரெண்ட விட்டுட்டு மிச்சத்த ஒடச்சு விடுவோம், நீயும் அப்படிச் செஞ்சா என்ன?

உங்களுக்குத் தடியான கழி வேணும், அதனால ஒடைக்குறீங்க. எனக்கு வேண்டியது சில்லு, ஒரு தடிக் கழியில வந்தாலும் அஞ்சு மெலிசுல வந்தாலும் டன் கணக்குதான். அதுவும் ஏக்கருக்கு ஆறாயிரம் தூரு, ஒவ்வொண்ணுக்கும் குனிஞ்சு நிமிர இங்க கூலிக்கு யாரு வர்றது. மேல சொன்ன மாதிரி செடியே தன் கணக்க முடிச்சுக்கும்.

ஆனா நெருக்கத்துக்குத் தகுந்த மாதிரி சிம்போட நடத்தை மாறும், அது பாக்கவே நல்லா இருக்கும். இடம் தாராளமா இருந்தா தூருக்கு நெறைய சிம்பு பொழைக்கும், வெளிப்பக்கமா சாஞ்சு கொடை மாதிரி விரியும். நெருக்கமா இருந்தா கம்மி சிம்பு, நேரா, மெலிசா, வெளிச்சத்தத் தேடி உயரமாப் போகும். வயல் ஓரத்து வரிசையையும் உள் வரிசையையும் பக்கத்துல பக்கத்துல பாத்தா ரெண்டும் வேற வேற ரகமோன்னு சந்தேகம் வரும்.

நட்ட முதல் வருஷமே வெட்டிப்புட்டியே, வளந்தது வீணாப் போகலையா?

முதல் வருஷம் ஒரு போத்துல ஒண்ணு ரெண்டு, மிஞ்சுனா மூணு குச்சிதான் வரும். பனிக்காலத்துல தரையில இருந்து ஒரு நாலு விரல் விட்டு நறுக்கிட்டா அடுத்த வசந்தத்துல அஞ்சு பத்துன்னு வெடிக்கும், தூர் கட்டும், நிலம் சீக்கிரம் மூடும். மேல சொன்ன 'இலை மூடுற வரைக்கும்தான் நெருக்கத்துக்கு மரியாதை' கணக்குல இது செடி எண்ணிக்கைய கூட்டாமலே நெருக்கத்த கூட்டுற வேலை. அதனால கலைச்சு நட்ட வயலுக்குத்தான் இது ரொம்ப முக்கியம். இப்ப சில பேர் இந்த முதல் வெட்டே வேண்டாம், செலவு மிச்சம்னு விட்டுடுறாங்க. என் வயல்ல நான் விடமாட்டேன்.

இவ்ளோ நெருக்கமா இருக்கே, களையே வராதுல்ல?

ரெண்டாம் வருஷ கடைசிக்கு மேல வராது. அதுக்கு முன்னாடி வர்றதுதான் ஆள கொல்லும். வெறும் குச்சிக்கு வேரே இல்ல, களைக்கு ஏற்கனவே வேர் இருக்கு, யாரு ஜெயிப்பான்னு சொல்லவே வேணாம். நான் சேந்த புதுசுல வயல் தலைமாட்டுல ஒரு துண்டுக்கு மருந்து அடிக்க மறந்துட்டேன். அதே குச்சி, அதே 60 செ.மீ., மத்த இடத்துல ஆள் உயரத்துக்கு மேல போயிடுச்சு, அந்தத் துண்டுல மட்டும் முழங்கால் உயரம் தாண்டல, பாதி செத்தேபோச்சு. இருபதாயிரம் நட்டிருந்தாலும் அங்க அதே கதிதான் ஆகியிருக்கும். நெருக்கம் களைய அமுக்கும், ஆனா இலை மூடுனதுக்கு அப்புறம்தான்.

கூடை பின்றவங்க இத விட நெருக்கமா நடுறாங்களாமே, அவங்க முட்டாளா?

அவங்கதான் இதுல நம்ம எல்லாருக்கும் தாத்தா. இங்கிலாந்து தென்மேற்குல சோமர்செட்ல தாழ்வான ஈர நிலம், அங்க கூடைக்கு நடுறவங்களோட பழைய அளவு வரிசைக்கு வரிசை ரெண்டேகால் அடி, செடிக்குச் செடி ஓரடிக்குக் கொஞ்சம் மேல. ஏக்கருக்குப் பதினாறாயிரத்தத் தாண்டும்.

அவங்க வருஷா வருஷம் வெட்டுறாங்க. ஒரு வருஷத்துல வெட்டப்போறப்ப கலைச்சு நட்டது எட்டிப் புடிக்க நேரமே கிடையாது, அதனால நெருக்கம் செல்லும். அதவிட முக்கியம், அவங்களுக்கு எடை வேண்டாம், வளைச்சா ஒடையாத, பக்கக்கிளை இல்லாத, அடியில இருந்து நுனி வரைக்கும் ஒரே சீரா மெலியுற குச்சி வேணும். நெரிசல்ல நிக்குற செடிக்கு பக்கக்கிளை விட எடமே இல்ல. என் வயல்ல குறைன்னு நெனைக்குறத அவங்க வேணும்னே வரவைக்குறாங்க.

கிரிக்கெட் பேட்டுக்கும் இந்த மரம்தானாமே, அதையும் இப்படித்தான் நடுவாங்களா?

இனம் அதே வில்லோ, ஆனா வேற ஜாதி, நடுறது நேர் எதிர். எசெக்ஸ் பக்கம் பேட்டு வில்லோவ பத்துப் பன்னெண்டு மீட்டருக்கு ஒண்ணா வைக்குறாங்க, ஏக்கருக்கு முப்பது நாப்பது மரம்தான். ஒத்தத் தண்டு மட்டும், அடியில தளிர் வர வர கையால தேச்சு எடுத்துடுவாங்க, கிளை வந்தா பலகையில முடிச்சு விழும், முடிச்சு விழுந்தா பேட்டு போச்சு. பதினஞ்சு இருபது வருஷம் அப்படிப் பொத்திப் பொத்தி வளத்து ஒரே வெட்டு. காஷ்மீர்ல அனந்தநாக் பக்கம் ரோட்டோரமா பேட்டு அடிச்சு அடுக்கி வச்சிருப்பாங்களே, அதுவும் வில்லோதான். ஏக்கருக்கு நாப்பதுக்கும் பதினாறாயிரத்துக்கும் நடுவுல என்னோட ஆறாயிரம் நிக்குது.

எரிக்கத்தானப்பா போற, மெலிசா இருந்தா என்ன தடியா இருந்தா என்ன?

இந்தக் கேள்வி என் மச்சான் கேட்டது, வக்கீல் மாதிரிதான் கேப்பான். விஷயம் பட்டையில இருக்கு. தடிக் கழிய விட மெலிசான குச்சியில பட்டையோட பங்கு அதிகம், பட்டையிலதான் சாம்பல் ஆகுற உப்பெல்லாம் இருக்கு. பாய்லர்காரனுக்குச் சாம்பல் ஜாஸ்தியானா தலைவலி, எனக்கு மண்ணுல இருக்குற சத்து பட்டையோட லாரி ஏறிப் போகுது. இன்னொண்ணு, ரொம்ப மெலிசான நுனி சரியா நறுங்காம ஈர்க்கு ஈர்க்கா நீளமா வரும், அது பாய்லருக்குள்ள தள்ளுற திருகுல போய் சிக்கிக்கும்.

அதுக்குன்னு ரொம்பத் தடியாவும் விட முடியாது, மணிக்கட்டுத் தடிமனத் தாண்டுனா மெஷின் முக்கும், சில ரகத்துல அடிக்கட்டை பொளந்துக்கும். ஆக நெருக்கம், வெட்டுற வருஷம் ரெண்டும் சேந்துதான் தடிமன முடிவு பண்ணும்.

நெருக்கத்துல நோய் பரவுமே, அதுக்கு என்ன பண்ற?

பரவும். இங்க பெரிய எதிரி துரு நோய், இலைக்கு அடியில மஞ்சப் பொடி பூசுன மாதிரி வரும், இலை சீக்கிரமே கொட்டிடும். நெருக்கமான வயலுக்குள்ள காலைப் பனி மத்தியானம் வரைக்கும் காயாது, ஈரம் நின்னா துருவுக்குக் கொண்டாட்டம். ஆனா செடிய கலைச்சு நட்டு இதத் தடுக்கலாம்னு பாத்தா நடக்காது, எப்படி நட்டாலும் ரெண்டாம் வருஷம் இலை மூடத்தான் போகுது.

வட அயர்லாந்துல வேற வழி கண்டுபுடிச்சாங்க, ஒரே ரகமா நடாம அஞ்சாறு ரகத்தக் கலந்து நடுறது. ஒரு ரகத்தத் தாக்குற துரு பக்கத்துல வேற ரகத்துல முட்டி நின்னுடும். இதுலயும் நெரிசல் உள்ள வரும், வேகமா வளர்ற ரகம் சோப்ளாங்கி ரகத்த அமுக்கிடும், பத்து வருஷம் கழிச்சு நட்ட கலவையும் நிக்குற கலவையும் ஒண்ணா இருக்காது. ஆனா செத்ததோட இடத்தப் பக்கத்துல இருக்குறது எடுத்துக்குறதால விளைச்சல் அவ்ளோ அடிவாங்காது.

நட்டதுல கொஞ்சம் செத்துப்போச்சு, பாடுவாசி நிரப்பணுமா?

முதல் வருஷம் மட்டும், அதுவும் பக்கத்துல பக்கத்துல மூணு நாலு சேந்து போயிருந்தா மட்டும். அங்கொண்ணு இங்கொண்ணா பத்துக்கு ஒண்ணு போனா கவலையே படாதீங்க, அக்கம்பக்கத்துத் தூரு விரிஞ்சு அடைச்சுடும், 15,000ன்ற கணக்குலயே அந்த இழப்ப நெனச்சுத்தான் நடுறோம். முதல் வெட்டுக்கு அப்புறம் புதுப் போத்து சொருகுறது வீண் வேலை. சுத்தி வேரோட இருக்குற தூரு ஒரே கோடையில தலைக்கு மேல போயிடும், புதுசு நிழல்லயே செத்துடும். ரெண்டு தடவ முயற்சி பண்ணிட்டு விட்டுட்டேன்.

பதினஞ்சாயிரத்துக்குப் பதிலா பத்தாயிரம் நட்டா போத்துக் காசு மூணுல ஒரு பங்கு மிச்சம்தானே?

மிச்சம்தான், பொய் சொல்லல. நடவுல பெரிய செலவே போத்துதான். சுவீடன்ல 1970கள் எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் இத ஆரம்பிச்சப்ப ரொம்ப நெருக்கமா 20,000ன்னு நட்டாங்க, இப்ப 12,000, 13,000 பக்கம் இறங்கிட்டாங்க. அவங்களே கொறைக்குறாங்கன்னா காரணம் இருக்கு.

ஆனா பத்தாயிரம்னா செடிக்குச் செடி 90 செ.மீ. ஆயிடும். நிலம் மூட இன்னும் ஒரு வருஷம் அதிகமா ஆகலாம், அந்த ஒரு வருஷக் களைச் செலவ யாரும் கணக்குல எழுதுறதில்ல. முதல் அறுவடை கம்மியா வரும், அந்தக் காசு வந்தாத்தான் போட்ட கடன் அடையும்னா அது வலிக்கும். மூணு நாலு சேந்து செத்தா ஓட்டை பெருசாவே நிக்கும். ரகத்தையும் பாக்கணும், விரிஞ்சு வளர்ற ரகம்னா கலைச்சு நடலாம், ஊசி மாதிரி நேரா போற ஒல்லி இலை ரகம்னா அது இடத்த நிரப்பாது. என்னைக் கேட்டா நல்ல மண்ணு, களை இல்லாத நிலம், விரியுற ரகம், நாலு வருஷ வெட்டு, இந்த நாலும் இருந்தா பன்னெண்டாயிரம் வரைக்கும் கொறைப்பேன். ஒண்ணு இல்லன்னாலும் கொறைக்கமாட்டேன்.

தண்ணி கம்மியான நிலம்னா கலைச்சு நடணும்தானே?

எல்லாரும் இப்படித்தான் நெனைக்குறாங்க, பாதி சரி. தண்ணிய இழுக்குறது இலை, செடி எண்ணிக்கை இல்ல. இலை முழுசா மூடிட்டா பத்தாயிரமும் இருபதாயிரமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குடிக்கும். வித்தியாசம் முதல் ரெண்டு வருஷத்துல, வேர் இன்னும் ஆழம் போகாதப்ப நெருக்கமான வயல் சீக்கிரமே முழு இலை கட்டிக்கிட்டு முழுத் தண்ணி கேக்கும், அந்தக் கோடை காஞ்சா அடி பலமா விழும். அதனால கலைச்சு நட்டா ஆரம்பத்துல தப்பிக்கலாம், அப்புறம் இல்ல. வில்லோ தண்ணிக்காரன். சுவீடன்ல என்சோபிங்னு ஒரு ஊர்ல சாக்கடைத் தண்ணிய சுத்தம் பண்றதுக்கே எழுபது ஹெக்டேருக்கு மேல வில்லோ நட்டு அதுக்குப் பாய்ச்சியிருக்காங்கன்னா பாத்துக்கோங்க. காஞ்ச நிலத்துல எத்தன செடின்னு மண்டைய ஒடைக்குறதுக்குப் பதிலா வேற மரம் பாக்கலாம்.

நெருக்கம் தப்பாப்போச்சு, நட்டும் தொலைச்சாச்சு. இப்ப சரி பண்ண வழி இருக்கா?

செடியக் கூட்ட முடியாது, பாடுவாசி பதில்லயே சொல்லிட்டேன். நடுவுல நடுவுல புடுங்குறதும் ஆகாத வேலை, வேரோட எடுக்க மெஷின் வேணும், பக்கத்து வேரும் சேந்து வரும். கையில இருக்குற ஒரே வழி வெட்டுற வருஷத்த மாத்துறதுதான். நெருக்கமாப் போச்சுன்னா சீக்கிரம் வெட்டு, நெரிசல்ல சாகுறதுக்கு முன்னாடி எடுத்துடலாம். கலைஞ்சு போச்சுன்னா ஒரு வருஷம் கூட விட்டு வெட்டு, எட்டிப் புடிக்கட்டும்.

எங்ககிட்டயே ஒரு ரெண்டு ஏக்கர் துண்டு அப்படி இருக்கு, நடவு மெஷின் செட்டிங் தப்பாகி 45 செ.மீ.க்கு ஒண்ணா இறங்கிடுச்சு. அத மட்டும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வெட்டுறோம். குச்சி மெலிசுதான், பாய்லர்காரன் மூஞ்சிய சுளிப்பான், அதனால தடியான சில்லோட கலந்து அனுப்புறோம்.